ஓய்வு காலமும் சுயமரியாதையும்

(ஓய்வு பெற்றவர்களும், ஓய்வு பெறவிருப்பவர்களுமான தொழிலாளர், ஆசிரியர், சிப்பந்திகள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



ஓய்வு காலத்தைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். "இது பாங்கி ஏஜண்டு பேச வேண்டிய விஷயமல்லவா? சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் நினைக்கக் கூடும். ஒரு மனிதன் அறுபது வயது வரையில் யாருக்கும் தலை குனியாமல் உழைத்துச் சாப்பிட்டுவிட்டு, அறுபத்தைந்தாவது வயதில் ஒரு டம்ளர் காப்பிக்கு மருமகள் முகத்தையும், ஒரு மாத்திரைக்கு மகன் முகத்தையும் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பானானால், அவன் அதுவரை மேடையில் கைதட்டி ஏற்றுக்கொண்ட சுயமரியாதை எங்கே போயிற்று என்று கேட்கிறேன். ஆகையால் இது நம்முடைய விஷயந்தான்.

நான் சொல்லப் போவதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடிருக்கும் வரையில் பெட்டிச் சாவியும் வீட்டுச் சாவியும் புருஷன் பெண்சாதி இருவர் கையிலேயே இருக்க வேண்டும். அந்தச் சாவியைக் கொண்டு பிள்ளைகளை அடிக்கவும் கூடாது. இவ்வளவுதான். இதற்கு நான் சொல்லும் காரணங்களை உங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பாருங்கள்; சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

பழைய ஏற்பாடு

தோழர்களே! முற்காலத்தவர் இதற்கு ஒரு ஏற்பாடு சொல்லிவைத்தார்கள். தலை நரைத்ததும் சொத்தை மகனிடம் ஒப்புவித்துவிட்டு, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டோ, விட்டுவிட்டோ, வனத்துக்குப் போய்க் காய் கிழங்கு தின்ன வேண்டும் என்று எழுதினார்கள். எழுதினவர்களில் எத்தனை பேர் வனத்துக்குப் போனார்களோ தெரியாது. இன்றோ வனத்துக்குப் போனால் வனத்துறைக்காரர் பிடித்து அபராதம் போடுவார்.

இன்னொரு ஏற்பாடும் சொன்னார்கள். "புத்" என்று ஒரு நரகம் இருக்கிறதாம். அதிலிருந்து கரையேற்ற ஆண்பிள்ளை வேண்டுமாம். இந்த ஒரு கதையால் விளைந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. பெண் பிறந்தால் முகம் சுளித்தோம். பெண்ணின் படிப்பைப் பாதியில் நிறுத்தினோம். ஆண் பிள்ளையின் படிப்புக்கு வீட்டை அடமானம் வைத்தோம். செத்த பிறகு போகும் நரகத்திலிருந்து மகன் காப்பான் என்று நம்பியவர்கள், சாகுமுன் இருக்கும் இருபது வருஷத்தை யார் காப்பார் என்று யோசிக்கவில்லை.

அப்பொழுது அது பெரிய கேள்வியாகவும் இல்லை. ஏனெனில் 1947ல் இந்நாட்டில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷந்தான். இன்று அது 70 வரை வந்திருக்கிறது. அறுபதைத் தாண்டியவர் சராசரியாக இன்னும் 17, 18 வருஷம் இருக்கிறார். தமிழ்நாட்டில் 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படியே நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். இந்த ஆயுளைக் கொடுத்தது அம்மைக் குத்தும், குடிதண்ணீர்க் குழாயும், மருந்துங்கூடிய விஞ்ஞானம். ஆயுள் வந்துவிட்டது, அதற்கேற்ற புத்தி வரவேண்டாமா?

கையில் வரும் பணம்

முதலில் பணத்தைப் பற்றிப் பார்ப்போம். ஒரு மில் தொழிலாளி 30 வருஷம் வேலை பார்த்து, கடைசி மாதச் சம்பளம் 26,000 ரூபாயோடு ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1972ல் ஏற்பட்ட கிராஜுவிட்டி கணக்குப்படி, வருஷத்துக்கு 15 நாள் கூலி. மாதத்துக்கு 26 நாள் என்று வகுக்க வேண்டும். ஆக வருஷத்துக்கு 15,000 வீதம் 30 வருஷத்துக்கு 4,50,000 ரூபாய். இதோடு பிராவிடண்டு பண்டுப் பணம் சேரும். மாதப் பென்ஷனோ சொற்பம். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014ல் வைத்தார்கள். அதே வருஷம் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பின் மேல் 35 வருஷத்துக்குக் கணக்குப் போட்டாலும் 7,500 ரூபாய்தான் வருகிறது. சர்க்கார் உத்தியோகஸ்தரிலும் 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். பின் சேர்ந்தவருக்கு அந்தப் பழைய பென்ஷன் இல்லையென்று விதி செய்யப்பட்டது. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு அந்த மொத்தப் பணமே இனி ஆயுள் முழுவதற்குமான சம்பளம்.

அந்தச் சம்பளம் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் என்ன ஆகிறது? முதலில் வருகிறது அறுபதாங் கல்யாணம். ஏற்கெனவே கல்யாணமான பெண்சாதிக்கு மறுபடியும் ஒரு தாலி, புரோகிதருக்குத் தட்சிணை, ஊருக்கு விருந்து. இதற்கு இரண்டு லட்சம் ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு லட்சத்தைத் தபாலாபீஸில் நூற்றுக்கு 8.2 வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 16,400 ரூபாய், அதாவது மாதம் 1,366 ரூபாய் வரும். இருவருடைய இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும், சர்க்கரை மாத்திரைக்கும் அது போதுமானது. ஒரு நாள் புகைந்து போகும் ஓமத்துக்காக ஆயுள் பரியந்தம் மருந்தை விற்றுவிடுகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அடுத்து வருகிறவர் வட்டி ஆசை காட்டுகிறவர். பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராகவே, சொந்தக்காரராகவே வருவார். "லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம்" என்பார். மாதம் நூற்றுக்குப் பத்தென்றால் வருஷத்துக்கு நூற்றிருபது. பாங்கி ஏழும் எட்டும் கொடுக்கத் திணறும்போது, எந்தத் தொழிலில் நூற்றுக்கு நூற்றிருபது லாபம் வரும்? பின்னால் வந்தவன் முதலை எடுத்து முன்னால் வந்தவனுக்கு வட்டியென்று கொடுப்பதுதான் அந்தத் தொழில். முதல் நாலு மாதம் ஒழுங்காக வரும். அதைக் கண்டு நீங்களே நாலு பேரைச் சேர்த்து விடுவீர்கள். பிறகு கதவு பூட்டியிருக்கும். இதற்காக 1997லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் செய்து, கம்பெனிச் சொத்தை ஜப்தி செய்ய வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் திருடன் போன பிறகு வருகிற போலீஸைப் போன்றதே அது. சாமி காட்டும் அற்புதத்தை நம்பாத தோழர்கள், வட்டி காட்டும் அற்புதத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

பின் என்னதான் செய்வது என்றால், மூன்று காரியம் சொல்லுவேன்.

முதலாவது, கடனைத் தீர்த்துவிடுங்கள். நகைக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு, மறுபக்கம் அதைவிடக் குறைந்த வட்டிக்குப் பணத்தைப் போட்டு வைப்பது கணக்குத் தெரியாத வேலை.

இரண்டாவது, முதல் அழியாத இடத்தில் பணத்தைப் போடுங்கள். அறுபது வயதானவர்களுக்கென்று தபாலாபீஸிலும் பாங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பை 30 லட்சமாகவும், வட்டியை 8.2 ஆகவும் உயர்த்தினார்கள். வட்டி விகிதத்தை சர்க்கார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். ஆனால் நீங்கள் போட்ட நாளின் விகிதம் அந்த ஐந்து வருஷத்துக்கும் மாறாது. அந்த விகிதத்தில் 20 லட்சம் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் 41,000 ரூபாய் கைக்கு வரும். சாதாரண பாங்கி டிபாசிட்டாக இருந்தால், ஒரு பாங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு 5 லட்சம் வரையில் இன்ஷூரன்ஸ் உண்டு என்று 2020 பிப்ரவரியில் ஏற்பாடாகியிருக்கிறது. ஆகையால் முழுவதையும் ஒரே பாங்கியில் குவிக்க வேண்டாம்.

மூன்றாவது, வரும் வட்டி முழுவதையும் தின்றுவிட வேண்டாம். விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு ஏறினால், பன்னிரண்டு வருஷத்தில் எல்லாம் இரண்டு மடங்காகும். அறுபதில் 13,000 ரூபாயில் நடக்கிற குடும்பத்துக்கு எழுபத்திரண்டில் 26,000 வேண்டும். அப்பொழுது வட்டி கூடியிராது. வைத்தியச் செலவோ கூடியிருக்கும். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமானம் பாராமல் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை வைத்தியச் செலவு என்று 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் விசாரித்து, நோய் வருமுன்பே சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு

தோழர்களே! பணத்தைவிடப் பெரிய விஷயம் வீடு. இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுதான்.

நம் ஊர்களில் நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருவர் நாற்பது வருஷம் உழைத்து ஒரு வீடு கட்டுகிறார். "எனக்குப் பின் பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது" என்றும், "குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைச் செலவு குறைவு" என்றும், "எப்படியும் அவனுக்குத்தானே" என்றும் சொல்லி, உயிரோடிருக்கும்போதே மகன் பேருக்கு செட்டில்மெண்டு எழுதி ரிஜிஸ்தர் செய்து கொடுத்து விடுகிறார். கையெழுத்துப் போட்ட அன்று வீட்டில் பாயசம். ஒரு வருஷம் கழித்து அவருடைய கட்டில் கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு வருகிறது. இரண்டாம் வருஷம் "அப்பா, தங்கச்சி வீட்டில் மூன்று மாதம், இங்கே மூன்று மாதம் இருங்களேன்" என்று பேச்சு வருகிறது. கிழவனுக்கும் கிழவிக்கும் ஆளுக்கொரு பிள்ளை வீடென்று பிரித்துவிடுவதும் உண்டு. ஐம்பது வருஷம் ஒன்றாய் இருந்தவர்களைப் பிரிக்க எந்த கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. செட்டில்மெண்டுப் பத்திரத்துக்கு மட்டும் இருக்கிறது.

"பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று பழமொழி சொல்லி அழுவதில் பிரயோஜனமில்லை. பித்தான மனத்தோடு சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போகலாமா என்பதே கேள்வி. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்கிற பழமொழியும் நம்மிடந்தானே இருக்கிறது?

பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாதென்றால் உயில் எழுதி வையுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை; வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு வாங்காதவர்களாயிருப்பது நல்லது. ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை, செய்தால் பின்னால் தகராறு குறையும். எல்லாவற்றையும்விட முக்கியம், உயில் நீங்கள் செத்த பிறகுதான் பேசும். அதுவரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டோ கையெழுத்திட்ட அன்றே பேச ஆரம்பித்துவிடும். உங்கள் இஷ்டத்துக்கு அதை ரத்து செய்யவும் முடியாது.

ஏதோ காரணத்தால் இப்பொழுதே எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், இரண்டு வாசகம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று, எங்கள் இருவர் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் வசிக்கவும், வாடகையை அனுபவிக்கவும் எங்களுக்கே பாத்தியதை என்பது. மற்றொன்று, எழுதி வாங்குகிறவர் எங்களுக்குச் சாப்பாடும் வைத்தியமும் பராமரிப்பும் செய்ய வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்பது.

இந்த இரண்டாவது வாசகம் ஏன் என்று சொல்லுகிறேன். 2007ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. அதன் 23ஆவது பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தை வாங்கிக்கொண்டு பராமரிக்க மறுத்தால், அந்தப் பத்திரம் மோசடியால் பெறப்பட்டதாகக் கருதி ரத்து செய்யலாம். ஆனால் நிபந்தனை இருந்ததாகக் காட்டப்படாத வழக்கொன்றில், இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் 2019ல் மகனுக்குத் தானபத்திரம் எழுதியபோது, ஆயுள் வரை காப்பாற்றுவதாகத் தனியே ஒரு காகிதமும் எழுதி வாங்கி வைத்திருந்தார். அந்த வழக்கில் 2025 ஜனவரியில் அதே சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தைத் தாராளமாக வாசிக்க வேண்டும் என்று சொல்லி, பத்திரத்தை ரத்து செய்து வீட்டைத் தாய்க்கே திருப்பியது. ஒரு காகிதம் எப்பேர்ப்பட்ட வித்தியாசம் செய்கிறது பாருங்கள்!

இந்தச் சட்டப்படி மனுக் கொடுக்க சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. நம் நாட்டில் ஆர்.டி.ஓ. முன்னிலையில் விசாரணை. மாதம் 10,000 ரூபாய் வரையில் பராமரிப்புக்கு உத்தரவிடலாம். தாங்களாக மனுக் கொடுக்க முடியாதவர்களுக்காக வேறொருவரோ ஒரு ஸ்தாபனமோ கொடுக்கலாம். நம் தோழர்கள் ஊர்தோறும் இந்த வேலையைச் செய்ய முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

பெண்களின் பங்கு

தாய்மார்களே! இதுவரையில் நான் "வீடு கட்டினவர்" என்று ஆணையே சொல்லி வந்தேன். அந்தச் சம்பளம் வந்த நாற்பது வருஷமும் அடுப்பில் வெந்தவர் யார்? நம் நாட்டில் பெண்சாதி பெரும்பாலும் புருஷனைவிட இளையவள். பெண்ணுக்கு ஆயுளும் சற்று அதிகம். ஆகவே கடைசி எட்டுப் பத்து வருஷம் தனியாக இருக்கப் போகிறவள் அவளே. அவளுக்கு என்ன ஏற்பாடு? இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் புருஷன் இறந்தால் அவனுடைய சுயார்ஜித வீட்டில் மனைவிக்குப் பிள்ளைகளைப் போலவே ஒரு பங்குதான். மூன்று பிள்ளைகள் இருந்தால் நாலில் ஒன்று. மாமியார் உயிரோடிருந்தால் ஐந்தில் ஒன்று. அந்த வீட்டில் அவள் குடியிருப்பது மற்ற மூவர் தயவு. ஆகையால் வீட்டை இருவர் பேரிலும் வையுங்கள். அல்லது முதலில் மனைவிக்கு, அவளுக்குப் பின் பிள்ளைகளுக்கு என்று உயில் எழுதுங்கள். பாங்கிக் கணக்கை இருவர் பேரிலும் வைத்து, கையெழுத்துப் போடவும் கணக்குப் பார்க்கவும் அவருக்கும் தெரியும்படி செய்யுங்கள். "நாமினி போட்டிருக்கிறேன்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பாங்கிப் பணத்தில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர், சொந்தக்காரரல்ல.

அடுத்தது பெண்மக்கள். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு என்று 1929ல் செங்கல்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்தோம். அறுபது வருஷம் கழித்து 1989ல் தமிழ்நாட்டில் பூர்வீக சொத்துக்கு அது சட்டமாயிற்று. 2005ல் நாடு முழுவதற்கும் வந்தது. 2007ஆம் வருஷத்துச் சட்டமோ, பெற்றோரைக் காக்கும் கடமையையும் மகன், மகள் இருவர் மேலும் வைத்தது. உரிமையும் கடமையும் சமமான பிறகு, "பெண் வீட்டில் கை நனைப்பதா?" என்கிற வீண் பெருமை எதற்கு? மகள் வீட்டில் இருப்பது கேவலம் என்கிறவர்கள், மகன் வீட்டுத் தாழ்வாரம் கௌரவம் என்று நினைக்கிறார்களா?

இதில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒருத்தி இருக்கிறாள். படுத்துவிட்ட கிழவரின் மலஜலத்தை எடுப்பவர் மகனுமல்ல, மகளுமல்ல, பெரும்பாலும் மருமகள். மாமனாரிடமிருந்து அவளுக்கு நேரான வாரிசுப் பங்கு கிடையாது, நன்றியாவது உண்டா? நல்ல பேர் மகனுக்கு, கெட்ட பேர் மருமகளுக்கு என்பதே வழக்கம். அவள் உழைப்புக்கு மதிப்பு வையுங்கள். உங்கள் வட்டிப் பணத்தில் மாதம் ஒரு தொகையை அவள் கையிலேயே கொடுங்கள். உயிலிலும் அவள் பேரை எழுதுங்கள்.

சாவி தடியாகக் கூடாது

"பிள்ளைகளை நம்பாதே என்று குடும்பத்தைக் கெடுக்கிறாயே!" என்று ஒரு தோழர் கேட்பார். நான் சொல்லுவது குடும்பத்தைக் காப்பாற்றும் வழி. வீடு பெற்றோர் கையில் இருக்கும்போது ஒரு மகன் தகப்பனைக் கவனித்தால், அது ஒரு சமயம் சொத்துக்காகவும் இருக்கலாம், அன்புக்காகவும் இருக்கலாம். வீடு அவன் கைக்குப் போய்விட்டால் அன்பு ஒன்றையே நம்பி இருக்க வேண்டும். அன்புள்ள பிள்ளைக்கு உயில் ஒரு குறையாகத் தோன்றாது. குறையாகத் தோன்றுகிறவனுக்குத்தான் அது அவசியமாகிறது.

அதே சமயம் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாவி உங்களிடம் இருக்கிறதென்பதற்காக, மகன் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும், பேத்தி என்ன படிக்க வேண்டும், மருமகள் எந்தச் சாமிக்கு விளக்கேற்ற வேண்டும் என்று உத்தரவு போடாதீர்கள். "ஜாதி விட்டுக் கட்டினால் வீடு இல்லை" என்று மிரட்டுகிறவன் சொத்தைக் கொண்டு மனிதனை அடிமையாக்குகிறவன். உடம்பில் பலமுள்ள வரையில் காய் நறுக்கலாம், பேரக் குழந்தைக்குப் பாடம் சொல்லலாம், தன் துணியைத் தானே துவைக்கலாம். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்துதான். வீட்டு வேலையிலிருந்து பெண்களுக்கு எந்த வயதில் ஓய்வு கொடுத்திருக்கிறோம்?

ஒன்றுமில்லாதவர்கள்

தோழர்களே! கிராஜுவிட்டியும் வீடும் உள்ளவர்களைப் பற்றியே பேசினேன். நம்மில் பெரும்பாலோர் வயல் கூலிகள், கைத்தறிக்காரர்கள், கொத்து வேலைக்காரர்கள். அவர்களுக்கு ஓய்வு என்பதே படுத்த படுக்கைதான். 1962 ஏப்ரலில் இந்த ராஜ்யத்தில் முதியோர் பென்ஷன் மாதம் 20 ரூபாயில் ஆரம்பமாயிற்று. 2023ல் 1,200 ரூபாயாயிற்று. இது போதாது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். கிடைப்பதையும் வாங்கத் தெரியாமலும், "பிள்ளை இருக்கிறான்" என்று தள்ளப்பட்டும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அது பிச்சைப் பணமல்ல. ஐம்பது வருஷம் நாற்று நட்டவருக்கும், கல் சுமந்தவருக்கும் இந்தச் சமூகம் பட்டிருக்கும் கடனில் ஒரு சிறு தவணை. கோவில் உண்டியலில் போடுகிற காசையும், திவசத்துக்குச் செலவிடுகிற காசையும் ஒவ்வொரு ஊரும் கூட்டிப் பார்த்தால், உயிரோடிருக்கும் கிழவர்களுக்கு ஒரு வேளைச் சோறு போட வழி பிறக்கும். செத்தவருக்கு வைக்கும் பிண்டத்தைக் காக்கை தின்கிறது, இருப்பவர் பசியோடிருக்கிறார்.

ஆகவே தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பத்திரங்களையும் பாஸ் புத்தகங்களையும் எடுத்து, பெண்சாதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எது யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். உயில் எழுதாதவர்கள் இந்த மாதத்துக்குள் எழுதுங்கள். எழுதியதைப் பிள்ளைகள், பெண்கள் எல்லாரையும் கூட்டி வைத்துப் படித்துக் காட்டிவிடுங்கள். ஒளித்து வைப்பதால்தான் சண்டை வருகிறது. உங்கள் தெருவில் தாழ்வாரத்துக்குத் தள்ளப்பட்ட முதியவர் யாராவது இருந்தால், ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து உதவுங்கள்.